ஈரடி ஓரடி ஆகாமல் இருக்க: கட்டளை வரியில் மேற்கோள்குறி



குறள் ஈரடி, மேலே நான்கு சீர், கீழே மூன்று. இதை நடத்திவிட்டு, பயிற்சித்தாளில் ஒரே வரியாக அச்சடித்துக் கொடுத்தால்? பாகாவ் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும் என் மாணவர்களுக்கு அப்படித்தான் கொடுத்தேன். "டீச்சர், இது ஓரடிதானே?" என்றாள் ஒருத்தி. தப்பு என் ஸ்கிரிப்டில்.

லினக்ஸில் பேஷ் டெர்மினலைத் திறந்து செய்து பாருங்கள். நம் ஸ்கிரிப்டின் பெயர் 'தாள்' என்று வைத்துக்கொள்வோம்.

./தாள் இங்கே நான்கு சொல் உண்டு
இங்கே மூன்று சொல்

பேஷுக்கு இடைவெளி என்றால் புதிய உள்ளீடு. வரி முடிந்தால் கட்டளையே முடிந்தது. ஆகவே ஸ்கிரிப்டுக்கு முதல் வரியின் நான்கு சொற்கள் நான்கு தனி உள்ளீடுகளாகப் போகும். இரண்டாம் வரியின் 'இங்கே' என்பதை ஒரு கட்டளை என்று நினைத்துத் தேடி, அப்படி ஒன்று இல்லை என்று பேஷ் சொல்லிவிடும்.

முழுவதையும் மேற்கோள்குறிக்குள் வையுங்கள்:

./தாள் 'இங்கே நான்கு சொல் உண்டு
இங்கே மூன்று சொல்'

முதல் வரி முடிந்து என்டர் தட்டியதும் > குறி தோன்றும். பயப்படாதீங்க; மேற்கோள் இன்னும் மூடவில்லை என்று அர்த்தம். மூடியதும் இரண்டு வரியும் ஒரே உள்ளீடாகப் போகும்.

நான் இதுவரை சரியாகத்தான் செய்திருந்தேன். கோட்டை விட்டது ஸ்கிரிப்டுக்கு உள்ளே. எக்கோ கட்டளைக்குப் பின் வெறும் $1 என்று எழுதினால், பேஷ் அதை மறுபடி சொல் சொல்லாகப் பிரிக்கும். வரிமுறிவு காணாமல் போய் ஈரடி ஓரடியாகிவிடும். "$1" என்று இரட்டை மேற்கோளுக்குள் எழுதினால் அடிகள் அப்படியே நிற்கும்.

இன்னும் மூன்று கவனிக்க வேண்டும்:

1. ஒற்றை மேற்கோளுக்குள் எல்லாம் எழுத்தாகவே இருக்கும். இரட்டை மேற்கோளுக்குள் $ குறிக்குத் தனி வேலை உண்டு. "$5" என்று எழுதினால் ஐந்தாம் உள்ளீட்டைத் தேடும், இல்லாவிட்டால் வெற்றிடம்தான்.

2. வேர்டிலிருந்து நகலெடுத்தால் வளைந்த மேற்கோள்குறி வரும். பேஷுக்கு அது மேற்கோளே இல்லை. விசைப்பலகையில் தட்டிய நேர்குறியே வேண்டும்.

3. நீண்ட பத்தி என்றால் அதைக் கோப்பில் சேமித்து, கோப்பின் பெயரை மட்டும் உள்ளீடாகக் கொடுங்கள்.

அடுத்த தாளை அச்சுக்கு அனுப்பும் முன் அடிகளை ஒரு தடவை எண்ணிப் பாருங்க. நம் பிள்ளைகள் தாளில் பார்ப்பதைத்தான் மனத்தில் பதித்துக்கொள்வார்கள்.