பிரியாணி ரெடி, குடிக்கத் தண்ணீர்?

மாதனூர்—

சென்னை-பெங்களூர் ரோட்டில் ஆம்பூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் நடுவே மாதனூர். ஒரு பக்கம் ரோடு, மறுபக்கம் பாலாறு. பசியோடு வருகிறவர்களுக்கு இங்கே கவலையே இல்லை.

ஆம்பூர் பிரியாணிக்குச் சீரகச் சம்பா அரிசிதான். காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுதில் கறி வேகும். அரிசியைத் தனியே அரைவேக்காடாக வடித்து, கறியில் கொட்டி 'தம்' போடுவார்கள். தொட்டுக்கொள்ளப் புளிப்பான கத்தரிக்காய், தயிர் வெங்காயம். கையில் காசு குறைவா? "குஸ்கா ஒண்ணு!" என்றால் போதும். கறித்துண்டு இராது, ருசி இருக்கும்.

சரி, குடிக்க? அங்கேதான் சிக்கல்! ஆறு பக்கத்தில் இருந்தும் மேசைக்கு வருவது கேன் தண்ணீர். தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்துவிட்டது. 'கெடுத்தவனே காசு கட்டணும்' என்று சுப்ரீம் கோர்ட்டு 1996 ஆகஸ்டு 28-ல் தீர்ப்புச் சொன்னது. 2025 ஜனவரி 30-ல் மறுபடியும் உத்தரவு போட்டது.

பல மாதம் மணலாய்க் கிடக்கும் ஆறு, 2021 நவம்பரில் பொங்கி வந்து மாதனூர் தரைப்பாலத்தையே அடித்துக்கொண்டு போனது. வெள்ளம் வந்தது, தாகம் தீரவில்லை.

பிரியாணி தின்றவனுக்குத் தண்ணீர் தவிக்கும். அதைப் பாலாறு கொடுக்கும் நாள் எப்போது?