புறப்படாத வண்டி

பெட்ரோல் எஞ்சின் இயங்கக் காற்று, எரிபொருள், தீப்பொறி ஆகிய மூன்றும் வேண்டும். அதனை முதலிற் சுழற்றிவிட ஒரு விசையும் வேண்டும். முற்காலத்தில் மனிதர் இரும்புக் கைப்பிடியால் அதனைச் சுழற்றினர். எஞ்சின் எதிர்த்து உதைத்துக் கை முறிவதும் உண்டு. சார்லஸ் கெட்டரிங் வகுத்த மின்மோட்டார், 1912-ஆம் ஆண்டுக் காடிலாக் வண்டிகளில் அமைந்து அவ்விடரை நீக்கிற்று.

வண்டி புறப்படாவிடில், முகப்பு விளக்கை ஏற்றிச் சாவியைத் திருப்புதல் வேண்டும். விளக்கு மிக மங்கி, எஞ்சினும் சுழலாதாயின், குறை பெரும்பாலும் பேட்டரியிலோ அதன் இணைப்புகளிலோ இருக்கும். விளக்கு மங்காதிருந்தும் எஞ்சின் சுழலாதாயின், ஸ்டார்ட்டர் மோட்டாரையும் அதன் சுவிட்சையும் ஆராய்தல் வேண்டும். எஞ்சின் நன்கு சுழன்றும் இயங்காதாயின், பெட்ரோல் வருகிறதா, தீப்பொறி எழுகிறதா என நோக்குதல் வேண்டும்.

இருளாயினும் பேட்டரியின் அருகே தீக்குச்சி கிழித்தல் ஆகாது. அதிலிருந்து எழும் ஹைட்ரஜன் வெடிக்கக்கூடும். பதறாது வரிசையாக ஆராய்பவர்க்குக் குறை விரைவிற் புலப்படும்.