பாரி பட்லர் நினைவுக் கோப்பை

பாரி பட்லர் நினைவுக் கோப்பை என்பது இங்கிலாந்தின் நாரிச் சிட்டி கால்பந்துக் கழகம் தனது ஆண்டின் சிறந்த வீரருக்கு வழங்கும் விருது ஆகும். 1966ஆம் ஆண்டில் வாகன விபத்தில் உயிரிழந்த அக்கழகத்தின் அணித்தலைவர் பாரி பட்லரின் நினைவாக இக்கோப்பைக்கு இப்பெயர் இடப்பட்டது. 1967ஆம் ஆண்டில் முதன்முதலாக வழங்கப்பட்டது. இவ்விருதுக்குரியவரைக் கழகத்தின் நிருவாகமோ பயிற்றுநர்களோ தெரிவு செய்வதில்லை. ஆதரவாளர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர்.

பின்னணி

நாரிச் சிட்டி கழகம் இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் உள்ள நார்போக் மாவட்டத்தின் தலைநகரான நாரிச்சில் 1902ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. மஞ்சளும் பச்சையும் கலந்த சீருடை அணியும் இவ்வணியினர் "கேனரிகள்" என்று அழைக்கப்படுகின்றனர். கேனரி என்பது மஞ்சள் நிறமுடைய ஒரு சிறு பாடும் பறவை. அணியின் சொந்த அரங்கு கரோ ரோடு ஆகும்.

இங்கிலாந்துக் கால்பந்தில் கழகங்கள் பல பிரிவுகளாக அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் ஒரு பிரிவின் கடைசி இடங்களைப் பெறும் அணிகள் கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்படுகின்றன. கீழ்ப்பிரிவில் முன்னணி பெறும் அணிகள் மேலே உயர்த்தப்படுகின்றன. நாரிச் இந்த ஏற்ற இறக்கங்களை அடிக்கடி கண்ட கழகமாகும். இவ்விருதின் வரலாற்றைப் புரிந்துகொள்ள இதனை அறிந்திருப்பது தேவை.

பாரி பட்லர்

பாரி பட்லர் 1934ஆம் ஆண்டில் வடகிழக்கு இங்கிலாந்தின் ஸ்டாக்டன் நகரில் பிறந்தார். ஷெபீல்டு வெட்னஸ்டே கழகத்திலிருந்து 1957ஆம் ஆண்டில் நாரிச்சுக்கு வந்த இவர், நடுத் தடுப்பாட்டக்காரராக 300க்கும் மேற்பட்ட ஆட்டங்களில் அவ்வணிக்காக விளையாடினார்.

1958-59 பருவத்தில் மூன்றாம் பிரிவில் இருந்த நாரிச், எப். ஏ. கோப்பைப் போட்டியில் மான்செஸ்டர் யுனைட்டெட் அணியை 3-0 என்ற கோல் கணக்கில் வென்றது. பின்னர் டாட்டன்ஹாம் அணியையும் வெளியேற்றி அரையிறுதி வரை சென்றது. அரையிறுதியில் லூட்டன் டவுன் அணியிடம் மறு ஆட்டத்தில் தோல்வியுற்றது. 1962ஆம் ஆண்டில் ராச்டேல் அணியை வென்று லீக் கோப்பையைக் கைப்பற்றியது. இவ்விரு அணிகளிலும் பட்லர் இடம்பெற்றிருந்தார்.

1966 ஏப்ரலில் நிகழ்ந்த வாகன விபத்தில் பட்லர் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 31. அவர் இன்னும் ஓய்வு பெறவில்லை. கழகத்தின் வீரராகவே இருந்தார்.

முதல் விருது

1967ஆம் ஆண்டில் முதல் விருதை டெர்ரி ஆல்காக் பெற்றார். இவர் 1959 அரையிறுதியில் பட்லருடன் இணைந்து ஆடியவர். ஆகவே மறைந்த தோழரின் பெயரிலான கோப்பை, அவருடன் களமிறங்கிய ஒருவரிடமே முதலில் சென்று சேர்ந்தது. ஆல்காக் நாரிச்சுக்காக 127 கோல்கள் அடித்தவர். கழகத்தின் வரலாற்றில் ஜானி கேவின் மட்டுமே இதைவிட அதிகமாக, 132 கோல்கள், அடித்துள்ளார்.

தேர்வு முறை

பருவம் முடிவடையும் தறுவாயில் ஆதரவாளர்கள் வாக்களிக்க அழைக்கப்படுகின்றனர். அப்பருவம் முழுவதும் சிறப்பாக ஆடியவர் யார் என்பதே கேள்வி. அடித்த கோல்களின் எண்ணிக்கை போன்ற நிலையான அளவுகோல் எதுவும் இல்லை. இதனால் முன்கள வீரர்கள் மட்டுமன்றித் தடுப்பாட்டக்காரர்களும் கோல் காப்பாளர்களும் இவ்விருதைப் பெற்றுள்ளனர். பருவம் இரு நாட்காட்டி ஆண்டுகளில் பரவியிருப்பதால், பருவம் முடியும் ஆண்டே விருதின் ஆண்டாகக் குறிக்கப்படுகிறது.

தரமிறக்கப் பருவங்களில் விருது

நாரிச் 1972ஆம் ஆண்டில் முதன்முறையாக மிக உயர்ந்த பிரிவுக்கு முன்னேறியது. அதன்பின் 1974, 1981, 1985, 1995, 2005, 2014, 2016, 2020, 2022 ஆகிய ஆண்டுகளில் அப்பிரிவிலிருந்து இறக்கப்பட்டது. 2009ஆம் ஆண்டில் இரண்டாம் நிலையிலிருந்து மூன்றாம் நிலைக்கும் இறங்க நேர்ந்தது. இந்தப் பருவங்களிலும் விருது நிறுத்தப்படவில்லை. அணி தோற்ற ஆண்டில் சிறந்தவர் யார் என்பதையும் ஆதரவாளர்கள் தீர்மானிக்க வேண்டியிருந்தது.

இவற்றுள் 1985ஆம் ஆண்டு தனித்தன்மை உடையது. அவ்வாண்டில் நாரிச் வெம்பிளி அரங்கில் சண்டர்லாந்து அணியை 1-0 என வென்று லீக் கோப்பையைப் பெற்றது. ஆயினும் அதே பருவத்தில் வென்ற அணி, தோற்ற அணி ஆகிய இரண்டுமே கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்பட்டன. கோப்பையை வென்றதால் கிடைத்திருக்க வேண்டிய ஐரோப்பியப் போட்டி வாய்ப்பும், ஹைசெல் அரங்கப் பேரழிவுக்குப் பின் ஆங்கிலக் கழகங்கள் மீது விதிக்கப்பட்ட தடையால் பறிபோனது. அவ்வாண்டின் விருது, இறுதியாட்டத்தில் ஆட்ட நாயகனாகத் தேர்வான தடுப்பாட்டக்காரர் ஸ்டீவ் புரூசுக்குக் கிடைத்தது.

2005இல் டேரன் ஹக்கர்பியும் 2020இல் கோல் காப்பாளர் டிம் குரூலும் இவ்வாறே தரமிறக்கப் பருவங்களில் விருது பெற்றனர். பின்லாந்து வீரர் டீமு புக்கி இருவகைப் பருவங்களிலும் பெற்றவர். 2019இல் இரண்டாம் நிலைத் தொடரில் 29 கோல்கள் அடித்து அணி முதலிடம் பெறத் துணைபுரிந்தபோது ஒருமுறையும், 2022இல் அணி இறங்கியபோது மறுமுறையும் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

குறிப்பிடத்தக்க வெற்றியாளர்கள்

கெவின் கீலன்: கோல் காப்பாளரான இவர் 1941ஆம் ஆண்டில் இந்தியாவின் கல்கத்தாவில் பிறந்தவர். நாரிச்சுக்காக 673 ஆட்டங்களில் ஆடினார். இது கழகத்தின் சாதனையாகும். 1973, 1974 ஆகிய ஆண்டுகளில் விருது பெற்றார்.

மார்ட்டின் பீட்டர்ஸ்: 1966 உலகக்கோப்பை இறுதியாட்டத்தில் இங்கிலாந்துக்காகக் கோல் அடித்தவர். 1975இல் நாரிச்சில் இணைந்து, 1976, 1977 ஆகிய ஆண்டுகளில் தொடர்ந்து விருது பெற்றார்.

பிரையன் கன்: இசுக்காட்லாந்தைச் சேர்ந்த இக்கோல் காப்பாளர் 1988இலும் 1993இலும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1992 அக்டோபரில் இவருடைய இரண்டு வயது மகள் இரத்தப் புற்றுநோயால் இறந்தாள். அத்துயரின் பின்னரும் இவர் விரைவிலேயே களத்துக்குத் திரும்பினார். அந்த 1992-93 பருவத்தில் நாரிச் பிரீமியர் லீக்கில் மூன்றாம் இடம் பெற்றது. கழகம் எட்டிய மிக உயர்ந்த இடம் அதுவே. இரத்தப் புற்றுநோய் ஆய்வுக்கும் சிகிச்சைக்கும் நிதி திரட்டும் பணியையும் கன் மேற்கொண்டார்.

டியான் டப்ளின்: இளமையில் நாரிச்சில் சேர்ந்து, முதன்மை அணிக்காக ஆடாமலேயே விடுவிக்கப்பட்டவர். பல கழகங்களிலும் இங்கிலாந்து அணியிலும் ஆடிய பின் 2006இல் திரும்பிவந்தார். தமது கடைசிப் பருவமான 2008இல், 39ஆம் வயதில், விருது பெற்றார்.

கிராண்ட் ஹோல்ட்: 2010, 2011, 2012 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து வென்றவர், மூன்று முறை இவ்விருதைப் பெற்ற முதல் வீரரும் இவரே. இம்மூன்று பருவங்களில் அணி மூன்றாம் நிலையிலிருந்து பிரீமியர் லீக் வரை உயர்ந்தது. ஹோல்ட் இத்தொடர்களில் முறையே 24, 21, 15 கோல்கள் அடித்தார்.

விருதும் வீரர்களின் பிரிவும்

நாரிச் போன்ற நடுத்தர வருவாயுடைய கழகத்தில் சிறந்து விளங்கும் வீரரைப் பெரிய கழகங்கள் வாங்கிச் செல்வது வழக்கம். இதனால் விருது வழங்கும் நிகழ்வு சில ஆண்டுகளில் விடையளிப்பாகவும் அமைந்துவிட்டது. 1994இல் விருது பெற்ற கிறிஸ் சட்டன் அதே கோடையில் 50 இலட்சம் பவுண்டுக்குப் பிளாக்பர்ன் ரோவர்சு கழகத்துக்கு விற்கப்பட்டார். அது அன்றைய பிரித்தானியச் சாதனைத் தொகையாகும். 2018இல் வென்ற ஜேம்ஸ் மேடிசன் லெஸ்டர் சிட்டிக்கும், 2021இல் வென்ற அர்கெந்தீன வீரர் எமி புவெந்தியா ஆஸ்டன் வில்லாவுக்கும் அந்தந்த ஆண்டிலேயே சென்றனர். கோப்பைக்குப் பெயர் தந்த பட்லரோ, நாரிச்சுக்கு வந்தபின் வேறு கழகத்துக்குச் செல்லவில்லை.

தேர்ந்த வெற்றியாளர் பட்டியல்

1967 – டெர்ரி ஆல்காக்
1972 – டேவ் ஸ்டிரிங்கர் (1987 முதல் 1992 வரை அணியின் மேலாளர்)
1973, 1974 – கெவின் கீலன்
1976, 1977 – மார்ட்டின் பீட்டர்ஸ்
1985 – ஸ்டீவ் புரூஸ்
1988, 1993 – பிரையன் கன்
1994 – கிறிஸ் சட்டன்
1999, 2000 – இவான் ராபர்ட்ஸ்
2005, 2007 – டேரன் ஹக்கர்பி
2008 – டியான் டப்ளின்
2010, 2011, 2012 – கிராண்ட் ஹோல்ட்
2017 – வெஸ் ஹூலஹன்
2018 – ஜேம்ஸ் மேடிசன்
2019, 2022 – டீமு புக்கி
2020 – டிம் குரூல்
2021 – எமி புவெந்தியா