உங்களுக்குத் தெரியுமா? பழைய ஜீப்புக்குக் காயலான் கடை உயரம்!

அமெரிக்காவில் 1984 முதல் 2001 வரை விற்ற ஜீப் செரோக்கி எக்ஸ்ஜே வண்டியை ஓரிரு அங்குலம் தூக்க, விலையுயர்ந்த ‘லிஃப்ட் கிட்’ கட்டாயமில்லை. காயலான் கடையிலேயே சாமான் கிடைக்கும்.

முன்பக்கத்துக்கு, 1990களின் கிராண்ட் செரோக்கி வி8-இன் காயில் ஸ்பிரிங். கனமான எஞ்சினுக்காகச் செய்தது. செரோக்கியின் இலகுவான எஞ்சினுக்கு அவ்வளவாக அமுங்காது, மூக்கு தானாக உயரும். பின்பக்கத்துக்கு, செவர்லே எஸ்-10 பிக்கப்பின் லீஃப் ஸ்பிரிங். அதன் நீளமான பட்டையை உருவி, இரு முனை வளையங்களையும் அறுத்துவிட்டு, செரோக்கியின் தளர்ந்த பட்டைகளுக்கு நடுவே சொருகி, நடு போல்ட்டை இறுக்குவார்கள். கெட்டிக்கார வேலைதான். ஆனால் சவாரி கொஞ்சம் முரடாகும்.

உயரம் கூடக்கூட வேறு தொல்லைகள் வரும். பழைய ஷாக் அப்சார்பர் எட்டாது, பிரேக் ஹோஸ் விறைக்கும், டிராக் பார் முன் அச்சை ஒரு பக்கமாக இழுக்கும், பின் புரொப்பெல்லர் ஷாஃப்ட் கோணம் மாறி அதிரும். ஹோஸை மட்டும் அலட்சியம் செய்யவே கூடாது.

இன்னொன்று: ஸ்பிரிங்கை மாற்றினால் உயர்வது பாடி மட்டுமே. பாறையில் முதலில் இடிக்கும் டிஃபரென்ஷியல் அதே உயரத்தில்தான் இருக்கும். அதை உயர்த்தப் பெரிய டயர்தான் வேண்டும்.