பிந்தி விதைத்தாலும் விளையும்: சாதாரண தரப் பரீட்சைக்குப் பத்துக் கிழமை

மழை பிந்தினால் எமது கமக்காரர் வயலைக் கைவிடுவதில்லை. நாலரை மாத நெல்லை ஒதுக்கிவிட்டு மூன்று மாத நெல்லைத் தேடுகிறார். பி.ஜி. 300 போன்ற இனங்கள் அந்த நேரத்தில் கைகொடுக்கின்றன. எல்லாத் துண்டுகளையும் விதைக்க முயலாமல், தண்ணீர் நிச்சயமாகப் பாயும் துண்டுகளை முதலில் விதைக்கிறார். பிந்திய காலத்துக்கு வேறு கணக்கு வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அந்தக் கணக்கு பிள்ளையின் பரீட்சைக்கும் பொருந்தும் என்பதைச் சொல்லவே இதனை எழுதுகிறோம்.

இடப்பெயர்வு பரீட்சை நாட்காட்டியைப் பார்த்து வருவதில்லை. 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய குடும்பங்களிலும், அதே ஆண்டு ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளம் சென்ற முஸ்லிம் குடும்பங்களிலும் பள்ளிப் பிள்ளைகள் இருந்தார்கள். 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமமே எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது, புத்தகப் பையோடு நடந்தவர்களும் உண்டு. 2009 ஓகஸ்ட்டில் வவுனியா முகாம்களுக்குள் இருந்தபடியே மாணவர்கள் உயர்தரப் பரீட்சை எழுதினார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது, நடந்துகொண்டிருந்த உயர்தரப் பரீட்சையே இடையில் நிறுத்தப்பட்டது. பாடசாலைக் கட்டடங்கள் பல தங்குமிடங்களாகின.

இப்படியான காலங்களில் குடும்பங்களில் எழும் கேள்வி ஒன்றுதான்: "பாதி வருசம் போய்விட்டது. இனி என்ன படிக்கிறது? கூலி வேலைக்காவது போகட்டுமே." இந்தக் கேள்வியை நாம் குறைகூறவில்லை. நிலமும் கிணறும் கைவிட்டுப் போன வீட்டில் ஒரு நாட் கூலி பெரிய விடயம். ஆனாலும் பத்துக் கிழமைக் கூலி பத்துக் கிழமையோடு முடிந்துவிடும். பரீட்சைக்குப் போகாத பிள்ளை இழப்பது அதைவிட நீண்டது. ஆகவே முடிவெடுக்கும் முன், எஞ்சிய காலத்தில் என்ன செய்ய முடியும் என்று ஒருமுறை கணக்குப் பார்ப்போம்.

வாசலைத் திறக்கும் ஆறு பாடங்கள்

சாதாரண தரத்தில் பிள்ளை ஒன்பது பாடங்களுக்குத் தோற்றுகிறது. சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய ஆறும் கட்டாயமானவை. மற்றைய மூன்றும் தெரிவுப் பாடங்கள். உயர்தர வகுப்பில் சேர்வதற்கு ஆறு பாடங்களில் சித்தி வேண்டும். அந்த ஆறுக்குள் தாய்மொழியும் கணிதமும் அடங்கவேண்டும். மூன்று பாடங்களிலாவது 'சி' தரம் அல்லது அதற்கு மேல் பெறவேண்டும்.

புள்ளிகளைப் பாருங்கள். 35 எடுத்தால் 'எஸ்' என்ற சாதாரண சித்தி. 50 எடுத்தால் 'சி'. 65 எடுத்தால் 'பி'. 75 எடுத்தால் 'ஏ'. பிந்தித் தொடங்கிய பிள்ளை ஒன்பது பாடத்திலும் 'ஏ' எடுக்கவேண்டும் என்று நாம் எதிர்பார்த்தால், அது பயத்தில் ஒன்றையும் தொடாது. முதலில் கணிதத்தையும் தமிழையும் காப்பாற்றுவது, அடுத்து தனக்கு இலகுவான மூன்று பாடங்களை 50 இற்கு மேல் கொண்டுபோவது, பிறகு ஆறாவதைச் சேர்ப்பது என்று ஒழுங்குபடுத்திக் கொடுத்தால் அதற்கு நம்பிக்கை பிறக்கும்.

நேரக் கணக்கு

பத்துக் கிழமை. கிழமைக்கு ஆறு நாள். நாளுக்கு 45 நிமிடமான மூன்று இருப்புகள்: விடியற்காலை ஒன்று, மாலையில் இரண்டு. மொத்தம் 180 இருப்புகள், அதாவது 135 மணித்தியாலங்கள். இது சிறு நேரமல்ல. இதனை இவ்வாறு பங்கிடலாம்:

கணிதம் 60. நாள் தவறாமல் ஒன்று.
தமிழ், விஞ்ஞானம், வரலாறு ஒவ்வொன்றுக்கும் 20.
சமயம் 15.
விவசாயம் எடுத்த பிள்ளைக்கு அதற்கு 15.
ஆங்கிலத்துக்கும் மற்றைய இரண்டு தெரிவுப் பாடங்களுக்கும் பத்துப் பத்து.

பிள்ளையின் பலத்தையும் பலவீனத்தையும் பார்த்து இந்த எண்களை மாற்றிக்கொள்ளலாம். ஏழாம் நாளை விட்டுவிடுங்கள். ஓய்வில்லாத மாடு உழாது. நித்திரையைக் குறைத்துப் படிப்பதும் நட்டமே. இரவு இரண்டு மணிவரை விழித்த பிள்ளை காலையில் பார்த்த பாடத்தையும் மறந்துவிடும்.

வாசித்தால் போதாது

கொப்பியைத் திரும்பத் திரும்ப வாசிப்பதையே பல பிள்ளைகள் மீட்டல் என்று நினைக்கிறார்கள். அமெரிக்க ஆய்வாளர்களான ரோடிகரும் கார்ப்பிக்கேயும் 2006 இல் ஒரு பரிசோதனை முடிவை வெளியிட்டார்கள். மாணவரில் ஒரு பகுதியினர் பாடத்தை மீண்டும் வாசித்தார்கள். மற்றவர்கள் பாடத்தை மூடிவைத்து, ஞாபகத்தில் உள்ளதை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் வாசித்தவர்களே முன்னுக்கு நின்றார்கள். ஒரு கிழமை கழித்துச் சோதித்தபோது, மூடிவைத்து எழுதியவர்கள் முந்திவிட்டார்கள். வாசித்தவுடன் "எல்லாம் தெரியும்" என்று தோன்றுவது இப்படித்தான் ஏமாற்றுகிறது.

ஆகவே ஒவ்வொரு இருப்பையும் மூன்றாகப் பிரியுங்கள். 20 நிமிடம் படித்தல். 15 நிமிடம் புத்தகத்தை மூடிவிட்டு எழுதுதல். 10 நிமிடம் திறந்து பார்த்துத் திருத்துதல். அதே பாடத்தை மறுநாள் ஐந்து நிமிடமும், அடுத்த கிழமை ஐந்து நிமிடமும் ஞாபகப்படுத்த வேண்டும். கொப்பி வாங்க வழியில்லையானால் பழைய கடதாசியின் பின்பக்கம் போதும். அதுவும் இல்லையானால் மண்ணில் எழுதி அழிக்கலாம்.

நாலாம் கிழமையிலிருந்து கடந்தகால வினாத்தாள்களை எடுக்கவேண்டும். பெரும்பாலான பாடங்களில் முதலாம் வினாத்தாளில் 40 பல்தேர்வு வினாக்கள். நேரம் ஒரு மணித்தியாலம். பிழையான விடைக்குப் புள்ளி குறைப்பதில்லை. எனவே ஒரு வினாவையும் வெறுமையாக விடக்கூடாது. இரண்டாம் வினாத்தாளுக்குத் தரப்படும் பத்து நிமிட மேலதிக வாசிப்பு நேரத்தில், எந்த வினாக்களை எழுதுவது, எதை முதலில் எழுதுவது என்று தீர்மானிக்கப் பழகவேண்டும். வீட்டிலும் மணிக்கூட்டை முன்னால் வைத்தே எழுதவேண்டும்.

கணிதத்தில் 70 புள்ளி

கணிதத்தின் இரண்டு வினாத்தாள்களுக்கும் சேர்த்து 200 புள்ளிகள். அதன் அரைவாசியே இறுதிப் புள்ளி. எனவே 35 எடுக்க 200 இல் 70 வேண்டும். முதலாம் வினாத்தாளின் முதற்பகுதியில் இரண்டு புள்ளி வீதம் 25 சிறு வினாக்கள் உண்டு. அதில் 18 சரியானால் 36. அடுத்த பகுதியில் பத்துப் புள்ளி வீதம் ஐந்து வினாக்கள். ஒவ்வொன்றிலும் மூன்று புள்ளி பெற்றாலும் 15. இப்போது 51 ஆகிவிட்டது. இரண்டாம் வினாத்தாளில் எழுதவேண்டிய பத்து வினாக்களில் இரண்டை முழுமையாகச் செய்தால் 20. மொத்தம் 71.

பிள்ளை 35 உடன் திருப்திப்படவேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. "கணிதம் எனக்கு வராது" என்று கொப்பியை மூடிவைத்த பிள்ளைக்கு, ஏறவேண்டிய படி எத்தனை என்று காட்டவே சொல்கிறோம். சதவீதம், வட்டி, பரப்பளவு, தொடைகள், நிகழ்தகவு ஆகியவற்றை முதலில் பிடியுங்கள். இரண்டாம் வினாத்தாளுக்கு வரைபு, கேத்திரகணித அமைப்பு, கூட்டமாக்கிய தரவுகளின் இடை என்பவற்றைப் பழகுங்கள். இவற்றின் படிமுறை ஏறத்தாழ ஒரே மாதிரியானது. நாற்று நடுவதைப் போல, கை பழகினால் வேலை ஓடும். செய்கையைக் காட்டி எழுதினால், விடை பிழைத்தாலும் வழிமுறைக்குப் புள்ளி கிடைக்கும்.

வயல் தந்த பாடம்

விவசாயமும் உணவுத் தொழினுட்பமும் தெரிவுப் பாடங்களில் ஒன்று. கமக்காரரின் பிள்ளை இதில் பாதி அறிவோடுதான் வகுப்புக்குப் போகிறது. குறைவது புத்தகச் சொல் மட்டுமே. தகப்பன் மாட்டெரு என்பதைப் புத்தகம் சேதனப் பசளை என்கிறது. அறக்கொட்டியான் என்பதைக் கபில நிறத் தத்தி என்கிறது. வெங்காயம் எடுத்த தோட்டத்தில் அடுத்ததாகப் பயறு போடுவதைப் பயிர்ச்சுழற்சி என்கிறது.

மாலையில் தகப்பனும் பிள்ளையும் அரை மணித்தியாலம் பேசினாலே பாதி மீட்டல் முடிந்துவிடும். தகப்பன் செய்முறையைச் சொல்லட்டும். பிள்ளை அதற்குப் புத்தகத்தில் உள்ள பெயரையும் காரணத்தையும் சொல்லட்டும். நிலத்தை விட்டு வந்தவருக்கு அந்த நிலத்தின் அறிவு கையிலேயே இருக்கிறது. அதைப் பிள்ளைக்குக் கொடுக்கும் நேரமாகவும் இது அமையும்.

வீட்டாரின் பங்கு

எழுத்து வாசனை இல்லாத பெற்றோராலும் பரீட்சைக்கு உதவ முடியும். கொட்டிலில் ஒரு மூலையைப் பிள்ளைக்கு ஒதுக்குங்கள். மின்சாரம் இல்லாத இடத்தில் விளக்குக்கு முதலில் எண்ணெய் ஊற்றுவது படிக்கும் பிள்ளைக்காக இருக்கட்டும். அந்த மூன்று இருப்பு நேரத்திலும் தண்ணீருக்கோ கடைக்கோ அனுப்பாதீர்கள். "இன்று படித்ததை எனக்குச் சொல்" என்று கேளுங்கள். உங்களுக்கு விளங்கும்படி சொல்ல முயலும்போதுதான் பிள்ளைக்கே அது விளங்கும்.

பெண்பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். இடம்பெயர்ந்த வீட்டில் சமையல், தண்ணீர், தம்பி தங்கை எல்லாம் அவளுடைய தலையில்தான் விழுகின்றன. 135 மணித்தியாலத்தில் அவளுக்கு 50 கூடக் கிடைப்பதில்லை. பிறகு "அவள் கெட்டித்தனமில்லை" என்கிறோம். பத்துக் கிழமைக்கு அவளுடைய வேலையில் பாதியை அண்ணனும் தகப்பனும் ஏற்றுக்கொண்டால் என்ன குறைந்துவிடும்?

அயலில் பரீட்சை எழுதும் பிள்ளைகள் நாலைந்து பேர் ஒன்றுகூடி ஒரு மரநிழலில் படிக்கலாம். கணிதம் தெரிந்தவர் கணிதத்தையும், வரலாறு தெரிந்தவர் வரலாற்றையும் சொல்லிக் கொடுக்கட்டும். ஒருவரிடம் உள்ள வினாத்தாள் ஐவருக்கும் போதும். புத்தகங்கள் வெள்ளத்தில் போயிருந்தால் உடனே அதிபரிடம் கேளுங்கள். 1980 முதல் அரசாங்கம் பாடநூல்களை இலவசமாக வழங்கிவருகிறது. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்திலும் அவை உண்டு. வீட்டில் ஒரு தொலைபேசி இருந்தால் இறக்கிப் பார்க்கலாம்.

கடதாசி வேலைகள்

படிப்பைப் போலவே இதுவும் முக்கியம். பரீட்சை மண்டபத்துக்கு அனுமதி அட்டையும் அடையாள அட்டையும் வேண்டும். பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருந்தால், பிரதேச செயலகத்தில் பிரதிக்கு இன்றே விண்ணப்பியுங்கள். பரீட்சைக்கு முதற்கிழமை வரை காத்திருக்கவேண்டாம். பதிந்த பாடசாலையை விட்டுத் தூரமாக வந்திருந்தால், அந்த அதிபருக்கு உடனே அறிவியுங்கள். பரீட்சைத் திணைக்களத்துடன் 1911 என்ற இலக்கத்தில் பேசலாம். பதிந்த பிள்ளை இடம் மாறியதால் பரீட்சை எழுதாமல் போவதுதான் எல்லாவற்றிலும் பெரிய நட்டம்.

பெறுபேறு நினைத்தபடி வராவிட்டால் உலகம் முடிந்துவிடாது. விட்ட பாடங்களை மறுமுறை எழுதலாம். 2017 இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தின் கீழ், தெரிவுசெய்யப்பட்ட பாடசாலைகளில் சித்தியடையாத பிள்ளைகளும் தொழிற்பாடங்களைத் தொடரலாம். இதையும் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பயம் குறைந்த பிள்ளைதான் நன்றாக எழுதும்.

பிந்திப் போன மாதங்களுக்குப் பிள்ளை பொறுப்பல்ல. எஞ்சிய 180 இருப்புகளுக்கு வீடு முழுவதும் பொறுப்பு. இன்றிரவே ஒரு கடதாசியில் 180 கட்டங்கள் கீறிச் சுவரில் ஒட்டுங்கள். முடிந்த ஒவ்வொன்றையும் பிள்ளை தன் கையால் வெட்டட்டும். நாளை விடியற்காலை முதலாவது கட்டம்.