எடைக்கு வாங்கிய ஸ்வெட்டர், ஏலத்தில் 43,020 டாலர்: பழைய கடைகளில் விளையாட்டுப் பொக்கிஷத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

அமெரிக்காவின் வடக்கு கரோலினா மாநிலத்தில் ஆஷ்வில் என்றொரு நகரம். 2014-ல் ஒரு தம்பதி அங்குள்ள குட்வில் கடைக்குப் போனார்கள். மக்கள் தானமாகக் கொடுக்கும் பழைய பொருட்களை விற்று, அந்தப் பணத்தை வேலைவாய்ப்புப் பயிற்சிக்குச் செலவிடும் அறக்கட்டளைக் கடை அது. எடை போட்டு விற்கும் துணிக் குவியலில் ஒரு பழைய கம்பளி ஸ்வெட்டர் கிடைத்தது. விலை 58 சென்ட். அன்றைய மதிப்பில் சுமார் 35 ரூபாய்.

சில மாதங்கள் கழித்து, அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் வின்ஸ் லொம்பார்டி பற்றிய ஆவணப்படத்தைப் பார்த்தபோது அவர்களுக்குப் பொறி தட்டியது. படத்தில் அவர் போட்டிருந்ததும் அதே மாதிரி ஸ்வெட்டர். உள்ளே தைத்திருந்த துணிப் பட்டையைப் பார்த்தால், லொம்பார்டியின் பெயர்! சூப்பர் பவுல் கோப்பைக்கே பெயர் தந்த மனிதர் அவர். 2015 பிப்ரவரியில் அந்த ஸ்வெட்டர் 43,020 டாலருக்கு ஏலம் போனது. அன்றைய மதிப்பில் சுமார் 26 லட்சம் ரூபாய்.

சரி, இதெல்லாம் நம்ம ஊர்ல நடக்குமா?

புதுக்கோட்டையில் எங்கே தேடுவது?

அறக்கட்டளை நடத்தும் பழைய பொருள் கடை என்ற வழக்கம் இங்கே வேரூன்றவில்லை. ஆனால் எடைக்குப் போடும் பழக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. பரணில் கிடக்கும் கோப்பையும் கேடயமும், தாத்தாவின் ஹாக்கி மட்டையும் கடைசியில் போய்ச் சேரும் இடம் காயலான் கடைதான்.

அடுத்த இடம் காரைக்குடி. புதுக்கோட்டையிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். அங்கே முனீஸ்வரன் கோயில் தெருவில் வரிசையாகப் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. ராயவரம், கடியாபட்டி, ராங்கியம், நச்சாந்துபட்டி போன்ற புதுக்கோட்டை மாவட்ட ஊர்களும் செட்டிநாட்டைச் சேர்ந்தவைதான். பர்மா, மலேயா, இலங்கை என்று வணிகத்துக்குப் போனவர்கள் கட்டிய வீடுகள் அவை. அப்படிப்பட்ட வீடுகளைப் பிரிக்கும்போது வெளியே வரும் பொருட்கள் இந்தத் தெருவுக்கு வருகின்றன. பித்தளைப் பல்லாங்குழியும் தாயக்கட்டையும் தேடுபவர்கள் முதலில் போகும் இடமும் இதுதான்.

எது விலையை ஏற்றுகிறது?

பழசு என்பதால் மட்டும் விலை ஏறாது. யார் பயன்படுத்தியது, எந்தப் போட்டியில், அதற்கு ஆதாரம் என்ன? இந்த மூன்றும்தான் முக்கியம்.

2011 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் தோனி சிக்ஸர் அடித்து முடித்தாரே, அந்த மட்டை அதே ஆண்டு லண்டனில் ஓர் அறக்கட்டளைக்காக நடந்த ஏலத்தில் 1 லட்சம் பவுண்டுக்குப் போனது. அதே கம்பெனியின் வேறொரு மட்டைக்குக் கடை விலைதான் கிடைக்கும்.

இன்னொரு உதாரணம் டான் பிராட்மேனின் பச்சைத் தொப்பி. சுதந்திர இந்தியாவின் முதல் வெளிநாட்டுச் சுற்றுப்பயணமான 1947-48 ஆஸ்திரேலியத் தொடரில் அவர் அணிந்தது. அதை இந்திய அணி மேலாளர் பங்கஜ் குப்தாவுக்குப் பரிசளித்தார். வெயிலில் நிறம் மங்கி, பூச்சி அரித்திருந்த அந்தத் தொப்பி, 2024 டிசம்பரில் சிட்னி ஏலத்தில் கட்டணங்கள் சேர்த்து 4,79,700 ஆஸ்திரேலிய டாலருக்குப் போனது. ஏறக்குறைய 2.6 கோடி ரூபாய்.

கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியவை

* பெயரும் ஆண்டும்: சட்டையின் காலர் உள்பக்கம், கோப்பையின் அடிப்பகுதி, மட்டையின் முனை, பதக்கத்தின் பின்பக்கம். பெயர், ஆண்டு, போட்டி மூன்றும் இருந்தால் யோசிக்காமல் ஓரமாக எடுத்து வையுங்கள்.
* கையெழுத்து அசலா, அச்சா? பழைய மட்டைகளில் பிரபல வீரர்களின் கையெழுத்தைக் கம்பெனியே அச்சடித்து விற்றது. போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தால் அச்சு. பேனா அழுத்தமும் மை ஓட்டமும் தெரிந்தால் மேலே விசாரிக்கலாம்.
* வெள்ளியா, முலாமா? ஈ.பி.என்.எஸ் என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது வெள்ளி முலாம் பூசியது. வெள்ளி என்று நினைத்து விலை கொடுத்துவிடாதீர்கள்.
* தேய்க்காதீர்கள்: புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் பழமையும் போய்விடும், விலையும் போய்விடும். துணியைத் துவைக்கவும் வேண்டாம்.
* உண்மை விலை: இணையத்தில் விற்பவர் கேட்கும் விலையை நம்ப வேண்டாம். இ-பே தளத்தில் 'விற்று முடிந்தவை' என்று வடிகட்டிப் பார்த்தால் நிஜ விலை தெரியும்.
* வந்த வழி: யாரிடம் வாங்கியது, அது எந்த வீட்டிலிருந்து வந்தது என்று விற்பவரிடமே கேட்டு எழுதி வாங்குங்கள். பழைய போட்டோ, சான்றிதழ், கடிதம் இருந்தால் பிரித்துவிடாமல் சேர்த்தே வையுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

100 ஆண்டு தாண்டிய கலைப்பொருட்கள் 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. பழைய வீடுகளில் தொங்கும் புலித்தோல், மான் கொம்பு போன்ற வேட்டைப் பொருட்கள் இன்னும் சிக்கல். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றை வாங்குவதும் விற்பதும் குற்றம். 'சும்மா ஷோவுக்குத்தான்' என்ற பதில் எடுபடாது.

காசுக்கு மட்டும்தானா?

1948, 1952, 1956 ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்ற ஹாக்கி வீரர் பல்பீர் சிங் சீனியர், 1985-ல் தன்னுடைய 36 பதக்கங்கள், மெல்போர்ன் ஒலிம்பிக்கில் அணிந்த கோட், அரிய போட்டோக்கள் எல்லாவற்றையும் அருங்காட்சியகத்தில் வைப்பதற்காக இந்திய விளையாட்டு ஆணையத்திடம் கொடுத்தார். 2012 லண்டன் ஒலிம்பிக் சமயத்தில் கேட்டபோது அவை காணவில்லை. 2020 மே 25-ல் அவர் மறையும் வரை அவை அவர் கைக்குத் திரும்பவில்லை.

புதுக்கோட்டைக்கும் இப்படி ஒரு வலி உண்டு. கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையைக் காரணம் காட்டி அந்தப் பதக்கம் பறிக்கப்பட்டது. அதிகாரபூர்வப் பட்டியலில் இருந்து ஒரு வெற்றி நீக்கப்பட்ட பிறகு, அப்படி ஓர் ஓட்டம் நடந்ததற்குச் சாட்சியாக மிஞ்சுவது அன்றைய போட்டோக்களும் பத்திரிகைப் பக்கங்களும்தான். எடைக்குப் போட்டால் அந்தப் பேப்பருக்கு என்ன கிடைக்கும்? சில ரூபாய்.

இன்றைக்குச் சாதாரணமாகத் தெரிவதும் நாளைக்கு அரிய பொருளாகலாம். 2019 ஜனவரி 20-ல் விராலிமலை ஜல்லிக்கட்டில் 1,300-க்கும் மேற்பட்ட காளைகள் அவிழ்க்கப்பட்டு, உலக சாதனை என்று அறிவிக்கப்பட்டது. அன்று மாடுபிடி வீரர்கள் அணிந்த எண் போட்ட டி-ஷர்ட் யார் வீட்டிலாவது இருக்கிறதா? தரை துடைக்கும் துணியாக மாறுவதற்கு முன் அதை மடித்து, கூடவே ஒரு போட்டோவும், பெயரும் தேதியும் எழுதிய தாளும் வைத்துவிட்டால் போதும்.

வீட்டில் வைக்க இடமில்லை என்றால் அருங்காட்சியகங்களை அணுகலாம். சமஸ்தான காலத்தில் 1910-ல் தொடங்கிய புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகம் திருக்கோகர்ணத்தில் இருக்கிறது. பழம்பொருள் பற்றி விவரம் தெரிந்தவர்களிடம் கேட்க அது நல்ல தொடக்கம். எங்கே கொடுத்தாலும் ஒவ்வொரு பொருளையும் போட்டோ எடுத்து, பட்டியல் போட்டு, கையெழுத்துடன் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த போகிக்குப் பரணைக் காலி செய்யும்போது, மூட்டையைக் கட்டுவதற்கு முன் ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். காலரையும் கோப்பையின் அடியையும் திருப்பிப் பாருங்கள். பக்கத்தில் தாத்தாவோ அப்பத்தாவோ இருந்தால், "இது யாரோடது?" என்று கேட்டு, அவர்கள் சொல்வதைப் போனில் பதிவு செய்யுங்கள். பொருள் வந்த வழிக்கு அதுவே முதல் ஆதாரம்.