மூலம் ஒன்று, வடிவம் பல

மிதிவண்டி விற்கும் கடையில் ஒரே பெயர் கொண்ட வண்டி பல உருவங்களில் நிற்பதைக் காணலாம். சட்டகம் மூன்று உயரங்களிலும் சக்கரம் இரண்டு அளவுகளிலும் கிடைக்கும். பிரேக், சக்கரத்தின் விளிம்பைப் பற்றும் வகையாகவோ வட்டத்தகட்டைப் பற்றும் வகையாகவோ இருக்கும். கைப்பிடி நேராகவோ வளைந்தோ அமையும். கேரியர் சிலவற்றில் உண்டு, சிலவற்றில் இல்லை. இவற்றைப் பெருக்கினால் 48 வண்டிகள். ஐந்து வண்ணங்களையும் சேர்த்தால் 240. வண்ணம் வடிவத்தை மாற்றாது என்பதால் பொறியாளர் அதனை ஒதுக்கிவிடலாம். எஞ்சிய 48 வடிவங்களுக்கு அவர் விடை கூறியே ஆகவேண்டும்.

கணினிவழி வடிவமைப்பில் ஒவ்வொரு பாகமும் முப்பரிமாண மாதிரியாக வரையப்படுகிறது. அப்பாகங்களை உரிய இடத்தில் இணைத்து உருவாக்கப்படுவது தொகுப்பு எனப்படும். தொகுப்பில் பாகங்கள் வெறுமனே அருகருகே கிடப்பதில்லை. அச்சாணியின் மையமும் துளையின் மையமும் ஒரே கோட்டில் அமையவேண்டும், இப்பரப்பு அப்பரப்பைத் தொடவேண்டும் என்ற உறவுகளால் அவை பிணைக்கப்பட்டுள்ளன. ஒரு வண்டியின் தொகுப்பு முடிந்ததும் அடுத்த வடிவத்திற்கு எளிய வழியாகத் தோன்றுவது, கோப்பை நகலெடுத்து வேண்டியதை மட்டும் மாற்றுவது. புதியவர் பலரும் இவ்வழியையே நாடுகின்றனர். முதல் வாரத்தில் அது விரைவானதாகவும் தோன்றும். பின்னர் ஒருநாள், கைப்பிடியை இறுக்கும் திருகாணி வலுவற்றது எனச் சோதனையில் தெரியவரும். அதனை 48 கோப்புகளிலும் மாற்றவேண்டும். 47 கோப்புகள் திருத்தப்பட்டு ஒன்று விடுபட்டால், அந்த ஒன்று யாரும் அறியாமலே உற்பத்திக்குச் செல்லும். நகல் பிறந்த நொடியிலேயே மூலத்துடனான தொடர்பை இழந்துவிடுகிறது. இடரின் வேர் அதுவே.

இத்தொடர்பைக் காக்கும் எண்ணம் கணினிக்கும் முந்தியது. வரைபலகைக் காலத்திலேயே, வெவ்வேறு நீளமுள்ள திருகாணிகளுக்குத் தனித்தனிப் படம் வரையாமல், ஒரே படத்தில் அளவுகளை எழுத்துகளால் குறித்து, அவ்வெழுத்துகளின் மதிப்புகளை ஓரத்தில் அட்டவணையாகத் தந்தனர். 1963ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லாண்ட் உருவாக்கிய ‘ஸ்கெட்ச்பேட்’ என்னும் வரைநிரல், மூலப்படம் ஒன்றை வைத்துக்கொண்டு அதனைப் பல இடங்களில் தோன்றச் செய்தது. மூலத்தைத் திருத்தினால் தோற்றங்கள் அனைத்தும் தாமே திருந்தின. 1980களின் இறுதியில் வெளிவந்த ‘புரோ எஞ்சினியர்’ மென்பொருள், அளவுகளை மாறிகளாகக் கொண்டு வடிவத்தை ஆளும் முறையைத் தொழிற்சாலைகளில் பரவச் செய்தது.

இன்றைய மென்பொருள்களில் தொகுப்பு ஒன்றே. அதற்கு அமைவுகள் பல. இரு வகைப் பிரேக்குகளும் இரு வகைக் கைப்பிடிகளும் கேரியரும் அத்தொகுப்பினுள் இருக்கும். இத்தகைய வண்டியை எவரும் ஓட்ட இயலாது. அது எல்லா வாய்ப்புகளையும் சுமக்கும் களஞ்சியம். ஓர் அமைவைத் தேர்ந்தவுடன் அதற்கு வேண்டாத பாகங்கள் அடக்கப்படும்; வேண்டியவை மட்டும் தோன்றும். உறுப்புப் பட்டியலும் அதற்கேற்ப மாறும். திருகாணியை ஓரிடத்தில் மாற்றினால் 48 வடிவங்களிலும் மாறிவிடும்.

ஆயினும் அட்டவணை மட்டும் போதாது. வட்டத்தகட்டுப் பிரேக்கைத் தேர்ந்தால், தகட்டைத் தாங்கும் நடுக்குடம் கொண்ட சக்கரமும் பிரேக்கைப் பூட்டுவதற்குரிய இடமுள்ள சட்டகமும் உடன் வரவேண்டும். இத்தகைய விதிகளை எழுதிவைக்காவிட்டால், திரையில் அழகாகத் தோன்றும் வண்டி பட்டறையில் பொருந்தாது. எது மாற்றுவடிவம், எது புதிய பாகம் என்னும் கேள்வியும் எளிதன்று. பழைய பாகம் இருந்த இடத்தில் புதியது எவ்வித மாற்றமுமின்றிப் பொருந்தி அதே பணியைச் செய்யுமாயின் பழைய எண்ணே போதும். இல்லையெனில் புதிய எண் தரவேண்டும். இங்குக் காட்டப்படும் சோம்பல் பின்னர் பழுதுபார்ப்பவர் தலையில் விழுகிறது.

மிதிவண்டியில் சில நூறு ரூபாயோடு முடியும் பிழை, வானூர்தியில் எவ்வளவு பெருகும் என்பதற்கு ஏர்பஸ் ஏ380 சான்று. அதனுள் ஓடும் கம்பிகளின் நீளம் ஏறத்தாழ 530 கிலோமீட்டர். ஒவ்வொரு விமான நிறுவனமும் இருக்கை, திரை, சமையற்கூடம் ஆகியவற்றைத் தன் விருப்பப்படி கேட்டதால், கம்பிகளின் பாதையும் நிறுவனத்திற்கு நிறுவனம் மாறியது. ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் ‘காட்டியா’ மென்பொருளின் நான்காம் பதிப்பும், பிரான்சின் துலூஸில் ஐந்தாம் பதிப்பும் வழக்கில் இருந்தன. ஓரிடத்தில் செய்த மாற்றம் மற்றோரிடத்து மாதிரியில் முழுமையாகச் சேரவில்லை. உடற்பகுதிகள் துலூஸுக்கு வந்து இணைக்கப்பட்டபோது கம்பிகள் பல இடங்களில் எட்டவில்லை. ஹாம்பர்க்கிலிருந்து தொழிலாளர்கள் வரவழைக்கப்பட்டனர். கம்பிகள் கழற்றப்பட்டு மீண்டும் பூட்டப்பட்டன. 2006ஆம் ஆண்டு அக்டோபருக்குள், திட்டம் ஏறத்தாழ ஈராண்டு பின்தங்கிவிட்டது என்பது வெளிப்படையாயிற்று. முதல் வானூர்தி 2007 அக்டோபர் 15 அன்றுதான் சிங்கப்பூர் ஏர்லைன்ஸிடம் ஒப்படைக்கப்பட்டது. முதல் 25 வானூர்திகளுக்குக் கம்பிப் பணி ஒவ்வொன்றாகக் கையால் சரிசெய்யப்பட்டது. அவற்றுக்குப் பின் வந்தவை அனைவருக்கும் பொதுவான ஒரே கணினி மாதிரியைக் கொண்டு உருவாயின.